செய்து காட்டிய கணக்கிலிருந்து நிரல் எழுதக் கற்பது

"மாமா, புக்குல இருக்கறதப் படிச்சா புரியுது. நானா எழுதலாம்னு உட்கார்ந்தா ஒரு வரிகூட வரமாட்டேங்குது."

அக்கா மகள் சொன்னது, கணினிக்கு நிரல் (ப்ரோகிராம்) எழுதுவதைப் பற்றி. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்தில் இருந்துகொண்டு தமிழில் படிப்பது எங்கள் ஊரில் அதிசயம் இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது) வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பேச்சே தமிழ்தான். கேரளப் பள்ளிகளில் ஐ.டி. தனிப் பாடம், கணினிகளில் லினக்ஸ் ஓடுகிறது, நிரல் எழுதச் சின்ன வகுப்பில் ஸ்கிராட்ச், மேலே போகப் போகப் பைத்தான் என்ற நிரல்மொழி. வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் பிள்ளை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கும் இதே கதைதான். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். சார் போர்டில் நிரலை எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம், அப்புறம் ஆளுக்கு அரைமணி நேரம் கணினி, நோட்டைப் பார்த்து அதையே அடிப்போம், ஓடும், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் சான்றிதழ் வந்தது, லேமினேட் செய்து வைத்தேன். அதே வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, 1 முதல் 10 வரை கூட்டிக் காட்டுகிற மாதிரி ஒன்று எழுதேன் பார்ப்போம் என்றார். முழித்தேன். நோட்டு நிறைய நிரல்கள் இருந்தன. எல்லாவற்றையும் நகல் எடுத்திருந்தேனே தவிர ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை.

இவள் பிரச்சினையும் அதேதான் என்று தோன்றியது. அதனால் "நீயே யோசிச்சு எழுதிப் பாரு கண்ணு" என்று சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அதைப் போலக் கெடுதலான அறிவுரை வேறில்லை.

கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் "எடுத்துக்காட்டு" என்று ஒரு கணக்கு, கீழே "தீர்வு" என்று படிப்படியாகச் செய்து காட்டியிருக்கும், அப்படி நாலைந்து போன பிறகுதான் "பயிற்சி" வரும். யாரும் நேராகப் பயிற்சிக்குத் தாவுவதில்லை. நிரலுக்கு மட்டும் நாம் எடுத்துக்காட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓடுகிறது சரி என்று மூடிவிட்டு, உடனே சொந்தமாக எழுத உட்காருகிறோம்.

இப்படி உட்காரும்போது தலைக்குள் என்ன நடக்கிறது? கேட்டது என்ன என்று நினைவில் வைக்க வேண்டும், அதை எப்படிப் படிகளாகப் பிரிப்பது என்று யோசிக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் அந்த மொழியில் என்ன சொல் என்று தேட வேண்டும், எங்கே அடைப்புக்குறி எங்கே புள்ளி என்று பார்க்க வேண்டும், நடுவில் சிவப்பில் ஒரு எரர் வந்தால் அதையும் படிக்க வேண்டும். ஒரே சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டு, முன்னால் புல்லுக்கட்டை வைத்து, பின்னால் தம்பியையும் ஏற்றிக்கொண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக சைக்கிள் பழகுவது போல. மனது ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ரொம்பக் கொஞ்சம். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் என்ற உளவியல் ஆய்வாளர், கிரஹாம் கூப்பருடன் சேர்ந்து 1985-ல் அல்ஜீப்ராவை வைத்துச் சோதித்தார். செய்து காட்டிய கணக்குகளைப் படித்த மாணவர்கள், தாங்களே மோதி மோதிச் செய்தவர்களைவிட, அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். "அதே மாதிரி" என்பதைக் கவனியுங்கள். புதுவகைக் கணக்குக்கு அது அப்படியே உதவிவிடவில்லை. அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, ஒரு எடுத்துக்காட்டை எப்படித்தான் படிப்பது? செய்தே பார்ப்போம். மொழி எழில். தமிழிலேயே எழுதுகிற நிரல்மொழி, முத்து அண்ணாமலை உருவாக்கியது, பைத்தானின் மேல் கட்டப்பட்டது. எழில் தெரிந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்காதீர்கள், கிடைக்காது. ஆனால் "வைல்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கிற பாரமாவது முதல் வாரத்தில் குறையும். பைத்தானுக்கு அப்புறம் மாறிக்கொள்ளலாம், அதையும் கீழே காட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் கறவை மாடு உண்டு. தினமும் 6 லிட்டர் பால் சொசைட்டிக்குப் போகிறது, லிட்டர் 45 ரூபாய் என்று வைப்போம். (நிஜத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-ம், அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருளும், பார்த்துச் சார்ட்டில்தான் விலை போடுவார்கள். 45 நம் கணக்குக்காக.)

லிட்டர் = 6
விலை = 45
பணம் = லிட்டர் * விலை
பதிப்பி பணம்

ஓட்டுவதற்கு முன் கையால் திரையை மூடிக்கொண்டு, என்ன வரும் என்று சொல்லுங்கள். 270. இதிலே என்ன பெரிதாக இருக்கிறது என்பீர்கள். ஒன்று இருக்கிறது: அந்த சமக்குறி. கணக்கில் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் சமம் என்று அர்த்தம். இங்கே அது ஒரு கட்டளை. வலது பக்கத்தை முதலில் கணக்கிடு, வந்ததை இடது பக்கப் பெயர் எழுதிய டப்பாவில் போடு. டப்பாவில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது போய்விடும். இந்த டப்பாவைத்தான் மாறி என்கிறார்கள். இது பிடிபடாவிட்டால் அடுத்த எடுத்துக்காட்டில் கட்டாயம் தடுக்கி விழுவீர்கள்.

இப்போது ஒரு வாரப் பால்:

நாள் = 1
மொத்தம் = 0
@(நாள் <= 7) வரை
    மொத்தம் = மொத்தம் + 6
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி மொத்தம்

பிள்ளை முதலில் நின்றது நாலாவது வரியில். "மொத்தம் எப்படி மாமா மொத்தம் கூட்டல் ஆறுக்குச் சமமாகும்?" நல்ல கேள்வி. கணக்கு டீச்சர் கேட்டால் தப்பு என்றுதான் சொல்லுவார். ஆனால் டப்பாவை நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை: டப்பாவில் இருப்பதை எடு, 6 சேர், திரும்ப அதே டப்பாவில் போடு. சொசைட்டிப் பாஸ்புக்கில் பழைய இருப்பை அடித்துவிட்டுப் புதிய இருப்பை எழுதுவதும் இதுவேதான்.

அப்புறம் "வரை". @-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் இருப்பது நிபந்தனை. நாள் 7-க்குள் இருக்கும்வரை நடுவில் உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். "முடி" வந்ததும் மேலே போய் மறுபடி நிபந்தனையைப் பார்க்கும். இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிட ஒரு காகிதத்தில் நாள், மொத்தம் என்று இரண்டு பத்தி போட்டுக் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்வது மேல். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் தென்னை மட்டை விழுந்து அடிக்கடி கரண்ட் போகும், அதனால் காகிதம் எப்போதும் தயாராக இருக்கும்.

நாள் 1, கூட்டிய பின் மொத்தம் 6
நாள் 2, கூட்டிய பின் மொத்தம் 12
நாள் 3, கூட்டிய பின் மொத்தம் 18

இப்படியே போய் நாள் 7-ல் 42. அடுத்து நாள் 8 ஆகிறது, நிபந்தனை பொய்யாகிறது, வெளியே வந்து 42 என்று பதிப்பிக்கிறது. முதல் தடவை ஏழு வரியையும் எழுதியே ஆக வேண்டும். மூன்று வரி எழுதிவிட்டு "இப்படியே" என்று நான் விட்டது கட்டுரை எழுதுகிற சோம்பலில், நீங்கள் விடாதீர்கள்.

ஓட்டியாயிற்று, 42 வந்துவிட்டது. நான் சென்டரில் இங்கேதான் நிறுத்தினேன். நிறுத்தாமல் அடுத்துச் செய்ய வேண்டியது, நன்றாக ஓடுகிற நிரலை வேண்டுமென்றே கெடுப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டும் முன் என்ன ஆகும் என்று சத்தமாகச் சொல், பிறகு ஓட்டு.

<= என்பதை < ஆக்கினால்? 36. ஏழாம் நாள் விழுந்துவிட்டது. "நாள் = நாள் + 1" வரியை எடுத்துவிட்டால்? நாள் என்றைக்கும் 1-ஆகவே இருக்கும், நிரல் நிற்கவே நிற்காது, கன்ட்ரோல் விசையோடு சி-யை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். (இதைப் பார்த்துப் பயந்து, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று ஓடிவந்தாள். கெடாது.) "மொத்தம் = 0" வரியைத் தூக்கி லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடுகிற அந்த "வரை"ப் பகுதிக்கு) உள்ளே, கூட்டுகிற வரிக்கு மேலே வைத்தால்? இதைச் சொல்லச் சொன்னபோது 42 என்றாள். வந்தது 6. ஏன் என்று நான் சொல்லவில்லை, காகிதத்தை நீட்டினேன். மூன்றாவது வரி எழுதும்போதே "அட, ஒவ்வொரு நாளும் பாஸ்புக்கையே கிழிச்சுப் போடுறோம்" என்றாள். ஒவ்வொரு சுற்றிலும் டப்பா காலியாகி, கடைசி நாளின் 6 மட்டும் மிஞ்சுகிறது. அவள் சொன்ன விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, இனிமேல் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளே, அது சும்மா இல்லை. மிஷலின் சி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், செய்து காட்டிய இயற்பியல் கணக்குகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பின்னால் கணக்குகளை நன்றாகச் செய்தவர்கள் யார் என்றால், படிக்கும்போதே ஒவ்வொரு படியிலும் "இது ஏன் இங்கே வந்தது" என்று தமக்கு விளக்கிக்கொண்டவர்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று கண்டுகொண்டவர்களும் அவர்களே. மற்றவர்களுக்கு எல்லாம் புரிந்தது போலவே இருந்திருக்கிறது. நிரலில் இதைச் செய்ய சுலபமான வழி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பென்சிலில் எழுதுவது. "என்ன செய்கிறது" என்று எழுதினால் வரியையே திருப்பி எழுதி ஏமாற்றிவிடலாம். "இல்லாவிட்டால்" என்ற கேள்வியில் ஏமாற்ற முடியாது.

அடுத்தது நிபந்தனை. இதற்கு எங்கள் ஊரில் கைவசம் ஒரு அருமையான எடுத்துக்காட்டு உண்டு: வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு, அந்தப் பக்கம் தடை, தென்னை என்னவோ இரண்டு பக்கமும் ஒரே தென்னை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் அதை எடுத்தால் அக்கா விளக்குமாற்றோடு வருவாள். ஆகவே பாலுக்கே திரும்புவோம். நாலாம் நாள் கன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டது, அன்றைக்குப் பால் இல்லை.

நாள் = 1
மொத்தம் = 0
@(நாள் <= 7) வரை
    @(நாள் == 4) ஆனால்
        ஊற்றியது = 0
    இல்லை
        ஊற்றியது = 6
    முடி
    மொத்தம் = மொத்தம் + ஊற்றியது
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி மொத்தம்

விடை 36. "ஆனால்" என்பதை இங்கே "வந்தான், ஆனால் பேசவில்லை" என்பதில் வருகிற ஆனால் மாதிரி படிக்கக் கூடாது. "மழை வருமானால்" என்கிறோமே, அந்த ஆனால். நாள் 4 ஆனால் இதைச் செய், இல்லை என்றால் அதைச் செய். தமிழில் நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் ஆனால் போடுவோம், எழிலும் அப்படியே வைத்திருக்கிறது. இரட்டைச் சமக்குறி கேள்வி: சமமா? ஒற்றைச் சமக்குறி கட்டளை: டப்பாவில் போடு. இரண்டையும் மாற்றிப் போடாத ஆள் உலகத்தில் இல்லை, நானும் இன்றைக்கும் போடுகிறேன்.

இதையும் கெடுத்துப் பார்த்தாகிவிட்டது என்று வையுங்கள். இப்போதுதான் எழுதுகிற பக்கம் போகலாம், அதுவும் ஒரே தாவலாக இல்லை. முதலில் இதே நிரலில் "மொத்தம் = மொத்தம் + ஊற்றியது" வரியை மட்டும் அழித்துவிட்டு நிரப்பச் சொன்னேன். பிறகு "இல்லை"யிலிருந்து கீழே உள்ள எல்லாவற்றையும். பிறகு முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுவதையும். புதுவகைக் கணக்குக்கு என்ன செய்வது என்றேனே, அதற்கு இப்படிப் படியிறங்கியே போக வேண்டும். எடுத்துக்காட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, எழுதுகிறவர் கை கொஞ்சம் கொஞ்சமாக நீள வேண்டும். கூடவே கதையையும் மாற்ற வேண்டும். பால் போய்த் தேங்காய், தேங்காய் போய்ப் பஸ் டிக்கெட். அப்போதுதான் பால்தான் லூப் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளாது.

நடுவில் ஒரு விளையாட்டும் உண்டு. நிரலைக் காகிதத்தில் எழுதி, வரி வரியாகக் கத்தரித்து, கலைத்துப் போட்டு, அடுக்கச் சொல்வது. நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பேட்ரிசியா ஹேடன் இருவரும் 2006-ல் இதை எழுதிவைத்தார்கள், பார்சன்ஸ் புதிர் என்றே பெயராகிவிட்டது. எழுத்துப்பிழை, அடைப்புக்குறி எதைப் பற்றியும் கவலை இல்லை, எது முன் எது பின் என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டு "முடி"த் துண்டுகளையும் வைத்துக்கொண்டு எதை எங்கே வைப்பது என்று அவள் திணறியதில்தான், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பது அவளுக்கு உறைத்தது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பைத்தானுக்கு மாறுவதும் இதே எடுத்துக்காட்டை வைத்துத்தான். பதிப்பி என்பது பிரிண்ட், வரை என்பது வைல், ஆனால் என்பது இஃப், இல்லை என்பது எல்ஸ். சொல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும், கடைசியில் முக்காற்புள்ளி, பிரிண்ட் செய்வதை அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு இடம்தான் ஜாக்கிரதை: பைத்தானில் "முடி" கிடையாது. எது லூப்புக்கு உள்ளே, எது வெளியே என்பதை வரியின் முன்னால் விட்ட இடமே முடிவு செய்கிறது. எழிலில் நாம் இடம் விட்டது கண்ணுக்கு அழகாக, பைத்தானில் அது அர்த்தம். கடைசிப் பிரிண்ட் வரியைத் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால் எரர் எதுவும் வராது, ஒரு வாரப் பால் நிரலில் 42 என்று ஒன்று வருவதற்குப் பதில் 6, 12, 18 என்று ஏழு எண்கள் வரிசையாக வரும். எரர் வருகிற பிழையைக் கணினியே காட்டிக்கொடுக்கும். இது மாதிரிப் பிழையை நாம்தான் பிடிக்க வேண்டும்.

எந்த எடுத்துக்காட்டை எடுப்பது என்பதில் என் கட்சி இதுதான்: ஒன்றில் ஒரே ஒரு புது விஷயம். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் எழுதியவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எழுதியவை, பத்து வரியில் நாலு புது விஷயம் இருக்கும், தொடக்கக்காரருக்கு ஆகாது. இப்போது போனில் கேட்டாலே முழு நிரலும் வந்துவிடுகிறது. அதுவும் செய்து காட்டிய கணக்குத்தான், மூடிவைத்து விடை சொல்லி, கெடுத்துப் பார்த்துப் படித்தால். எடுத்து ஒட்டினால் என் பொள்ளாச்சிச் சான்றிதழ் மாதிரி. இன்னொன்று, கொஞ்சம் தேறிய பிறகும் எடுத்துக்காட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே சுமை. தெரிந்த ஆளுக்கு ஒவ்வொரு படியையும் விளக்குவது எரிச்சலாகத்தான் இருக்கும், கற்பதும் குறையும் என்பதை ஸ்வெல்லர் குழுவினரே பின்னால் கண்டு சொன்னார்கள். மூன்று தடவை எதையும் பார்க்காமல் லூப் எழுதிவிட்டால் லூப் எடுத்துக்காட்டுகளை மூடிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

உங்களுக்கு ஒன்று விட்டுவைக்கிறேன். பத்து நாள் கணக்கு, காலையில் 6 லிட்டர், மாலையில் 4, லிட்டர் 45 ரூபாய். ஐந்தாம் நாள் நோம்பி (பண்டிகை), பாயசத்துக்காக மாலைப் பாலை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். புள்ளி வைத்த இடங்களை நிரப்புங்கள்.

நாள் = 1
மொத்தம் = 0
@(நாள் <= 10) வரை
    காலை = 6
    @( ........ ) ஆனால்
        ........
    இல்லை
        மாலை = 4
    முடி
    மொத்தம் = ........
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி ........

4320 வர வேண்டும். 4500 வந்தால் நோம்பியை மறந்துவிட்டீர்கள். 4050 வந்தால் அன்றைக்குக் காலைப் பாலையும் சேர்த்து நிறுத்திவிட்டீர்கள். 96 வந்தால் பால் சரி, பணம்தான் வரவில்லை. 3870 வந்தால் நான் எழுதிக் கொடுத்த வரியிலேயே ஒரு குறியை மாற்றி அடித்திருக்கிறீர்கள், எது என்று காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்.